புல் ஏன் மரத்தைச் சாகடித்தது? இயற்கை உரத்தைச் சோதித்துப் பார்த்த ஆல்பர்ட் ஹோவர்டின் கதை

சேலம் பக்கம் புல்தரைக்கு மவுசு கூடியிருக்கு. 2020-ல் வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் திறக்கப்பட்டது. 2023-ல் கிரிக்கெட் வீரர் நடராஜன் தன் சொந்த ஊரான சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானத்தை உருவாக்கினார். பள்ளி, கல்லூரி, திருமண மண்டபம், வீட்டு வாசல்னு எங்கே பார்த்தாலும் லான் போடுறாங்க.

போடுறது சுலபம். காப்பாத்துறதுதான் கஷ்டம். சேலம், நாமக்கல் சமவெளியில் செம்மண் அதிகம், மழை அளவு, ஏப்ரல் வந்தா வெயில் மண்டையைப் பிளக்கும். புல் திட்டுத் திட்டா மஞ்சளாகும், வட்ட வட்டமா காயும். உடனே கடைக்கு ஓடினா ட்ரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், ஹியூமிக், கடல்பாசிச் சாறு, பஞ்சகவ்யம், மண்புழு உரம்னு பத்து வகை கையில் கொடுப்பாங்க. எல்லாமே இயற்கை, எல்லாமே சூப்பர்னு சொல்லுவாங்க.

இதுல எது நிஜமா வேலை செய்யுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதே மாதிரிக் கேள்வியோடு நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தியாவில் ஒருத்தர் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். அவர்தான் ஆல்பர்ட் ஹோவர்ட்.

யார் இந்த ஹோவர்ட்?

தமிழ்நாட்டில் இயற்கை விவசாயம்னு சொன்னதும் நம்மாழ்வார் ஞாபகம் வருவார். உலக அளவில் அந்த இடத்தில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று ஆல்பர்ட் ஹோவர்ட். இன்னைக்கு நாம கம்போஸ்ட் போடும் விதத்துக்கு அறிவியல் முறையில் வடிவம் கொடுத்தவர் அவர். அதை அவர் செய்தது இங்கிலாந்தில் இல்லை, இந்தியாவில்.

1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷைர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராயும் வேலை கிடைத்தது. பார்படோஸில் ஆய்வுக்கூடம் இருந்தது, நுண்ணோக்கி இருந்தது. ஆனா சொந்தமா பயிர் வைத்துப் பார்க்க நிலம் இல்லை.

அங்கேதான் அவருக்கு முதல் உறுத்தல் வந்தது. கரும்பு விவசாயிக்கு மருந்து எழுதிக் கொடுக்கிறோம், ஆனா அதை நாமே ஒரு வயலில் செய்து பார்த்ததில்லையே என்ற உறுத்தல். தன் ஆலோசனையைத் தானே பின்பற்றிப் பார்க்காதவன் விவசாய ஆய்வாளனே இல்லை என்ற எண்ணம் அவருக்குள் வேர் விட்டது. கடைசிவரை அது மாறவே இல்லை.

1903-ல் இங்கிலாந்து திரும்பி, வை என்ற ஊரில் இருந்த விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார. பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப்ஸ் கொடி அவருடைய ஆய்வுப் பொருள். அந்த ஊர் விவசாயிகள் ஆண் கொடிகளை வேண்டாத களையாக நினைத்து வெட்டி விடுவார்கள். ஆண் கொடியை விட்டு மகரந்தம் சேர வைத்தால் காய் வேகமாக வளர்வதையும், நோயைத் தாங்குவதையும் ஹோவர்ட் காட்டினார். புது மருந்து எதுவும் இல்லை. இயற்கையில் இருந்த ஒன்றைத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

பூசாவில் கிடைத்த 75 ஏக்கர்

1905-ல் இந்தியாவுக்கு வந்தார். பீகாரில் பூசா என்ற ஊரில் ஆங்கிலேய அரசு அப்போதுதான் ஒரு பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியிருந்தது. 1934 நிலநடுக்கத்தில் அந்தக் கட்டடம் இடிந்த பிறகு, நிலையம் டெல்லிக்கு மாறியது. டெல்லியில் இன்னைக்கும் அந்த வளாகத்தைப் பூசான்னே சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

பூசாவில் ஹோவர்டுக்கு 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. பார்படோஸில் ஏங்கியது இங்கே கையில் வந்தது. முதல் சில வருஷம் அவர் பூச்சி மருந்தை நம்பவில்லை, சுற்று வட்டார விவசாயிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவர்களுடைய பயிரில் நோய் குறைவாக இருப்பதைக் கவனித்தார். பூச்சியும் விவசாயியும்தான் தனக்கு ஆசிரியர்கள் என்று பிற்காலத்தில் எழுதினார். பூச்சி வந்தால் அதை எதிரியாகப் பார்க்காமல், இந்தப் பயிருக்கு இந்த மண் ஒத்துக்கலைன்னு சொல்ல வந்த தூதனாகப் பார்த்தார்.

இதே பூசாவில்தான் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் சேர்ந்து பூசா 4, பூசா 12 போன்ற கோதுமை ரகங்களை உருவாக்கினார்கள். அவை இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டன.

கேப்ரியலை மறந்துவிட்டோமா?

கேப்ரியல் மாத்தாய் வெறும் உதவியாளர் இல்லை. கேம்பிரிட்ஜில் ஒளிச்சேர்க்கை பற்றி ஆராய்ந்த தாவரவியல் அறிஞர். 1905-ல் ஹோவர்டைத் திருமணம் செய்துகொண்டு இந்தியா வந்தார். பல ஆய்வுக் கட்டுரைகளில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். 1913-ல் அவரே அரசின் தாவரவியல் அதிகாரியாக நியமிக்கப்பட்டார். ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அது அபூர்வம். 1930-ல் அவர் இறந்தார். இயற்கை வேளாண்மை வரலாற்றில் கணவர் பெயர் நிலைத்த அளவுக்கு அவர் பெயர் நிலைக்கவில்லை.

புல்லும் பழ மரமும்: அந்தச் சோதனை

இப்போ புல் விஷயத்துக்கு வருவோம். பூசாவில் ஹோவர்ட் ஒரு பழத் தோட்டம் போட்டார். மா, கொய்யா, லிச்சி, எலுமிச்சைன்னு பல வகை மரங்கள். மரங்கள் ஓரளவு வளர்ந்ததும் தோட்டத்தை மூன்றாகப் பிரித்தார்.

முதல் பகுதியில் தரையைச் சுத்தமாக உழுது வைத்தார். இரண்டாவது பகுதியில் மரத்தடி முழுக்கப் புல் வளர விட்டார். மூன்றாவது பகுதியிலும் புல்தான், ஆனா மரங்களுக்கு நடுவே நீளமாகப் பள்ளம் வெட்டி, உடைந்த செங்கல்லைப் போட்டு நிரப்பினார்.

விளைவு? புல் மூடிய பகுதியில் இளம் மரங்கள் வாடின. சில வகைகள் செத்தே போயின. எல்லாரும் சொல்லும் காரணம், தண்ணியையும் உரத்தையும் புல் தின்னுடுச்சு என்பது. அது மட்டும்தான் காரணம்னா, மூன்றாவது பகுதியிலும் அதே கதி வந்திருக்கணும். வரலை. செங்கல் பள்ளம் இருந்த இடத்தில் பாதிப்பு குறைவாக இருந்தது.

பள்ளம் உரம் தரலை, மருந்தும் தரலை. காற்றைத்தான் தந்தது. புல்லின் வேர்கள் மூச்சு விட்டு விட்டு மண்ணுக்குள் கரியமில வாயுவைச் சேர்த்தன. பூசாவின் நுண்ணிய வண்டல் மண் மழைக்காலத்தில் இறுகிப்போனதும் அந்த வாயு வெளியேற வழியில்லை. மரத்தின் வேருக்குத் தேவையான ஆக்சிஜன் கிடைக்கலை. ஹோவர்ட் மண்ணைத் தோண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வேர்கள் எங்கே போகுதுன்னு கண்ணால் பார்த்தே இதை உறுதி செய்தார். 1925-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இந்த ஆய்வு வெளியானது.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது அந்த மூன்றாவது பகுதியைத்தான். முதல் இரண்டு மட்டும் இருந்திருந்தால், புல் கெடுதல் செய்யுதுன்னு மட்டும் தெரிந்திருக்கும். ஏன்னு தெரிந்திருக்காது. காரணத்தைப் பிரித்துக் காட்டியது அந்தச் செங்கல் பள்ளம்தான்.

இந்தூர் முறை பிறந்த கதை

பூசாவில் துறைகள் தனித்தனியாக இருந்தன. மண்ணுக்கு ஒரு நிபுணர், பூச்சிக்கு ஒருவர், பூஞ்சைக்கு ஒருவர். பயிரை முழுசாப் பார்க்க ஆள் இல்லை என்பது ஹோவர்டின் ஆதங்கம். பல வருஷம் முயற்சி செய்து, இந்தியப் பருத்திக் குழுவும் மத்திய இந்திய சமஸ்தானங்களும் தந்த நிதியில் 1924-ல் இந்தூரில் தனி ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 300 ஏக்கர் நிலம்.

அங்கே அவரும் வேதியியலாளர் யஷ்வந்த் வாட்-டும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தூர் கம்போஸ்ட் முறை. பருத்திக் குச்சி, களை, இலை தழை, மாட்டுச் சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய மண், விறகுச் சாம்பல். இவற்றை அடுக்கு அடுக்காகப் போட்டு, ஈரம் காட்டி, மூன்று முறை புரட்டினால் சுமார் 90 நாளில் கருப்பு மக்கு தயார்.

இதிலும் அடிப்படை காற்றுதான். புரட்டுவதே உள்ளே காற்று போகத்தான். இன்னொன்று, கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம். குவியல் தொடங்கும்போது அது ஏறக்குறைய 30-க்கு 1 இருக்கணும்னு அவர்கள் அளந்து சொன்னார்கள். கம்போஸ்ட் பற்றி இன்னைக்கு வரும் பாடப் புத்தகங்களிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

1931-ல் இருவரும் இந்த முறையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். 1935-ல் இந்தூர் வந்த காந்தி இந்த முறையை நேரில் பார்த்து, அதைப் பற்றித் தன் இதழில் எழுத வைத்தார். தேயிலை, காபித் தோட்டங்கள் வழியாக அது இலங்கை, ஆப்பிரிக்கா வரை போனது.

நீலகிரியும் கோவையும் எங்கே வந்தன?

ஹோவர்ட் அடிக்கடி எடுத்துக்காட்டிய சோதனைகளில் சில நம்ம ஊரில் நடந்தவை. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் நடத்தி வந்தார். கோவையில் விஸ்வநாத் என்ற அரசு வேளாண் வேதியியலாளர் இருந்தார். இருவரும் சேர்ந்து 1926-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சாண உரம் போட்ட நிலத்தில் விளைந்த சிறுதானியத்தையும், ரசாயன உரம் போட்டு விளைந்ததையும் ஆய்வுக்கூட விலங்குகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். சாண உரத்தில் விளைந்ததில் சத்து அதிகம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

மண் நன்றாக இருந்தால் பயிர் நன்றாக இருக்கும், பயிர் நன்றாக இருந்தால் அதைத் தின்னும் மாடும் மனிதனும் நன்றாக இருப்பார்கள் என்ற ஹோவர்டின் வாதத்துக்கு இது வலு சேர்த்தது.

கோல்ஃப் புல்தரையும் மண்புழுவும்

1931-ல் ஹோவர்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். கேப்ரியலின் தங்கை லூயிஸைத் திருமணம் செய்துகொண்டார். 1934-ல் சர் பட்டம் கிடைத்தது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ரசாயன உரத்துக்கு எதிரான பிரசாரம்தான். 1940-ல் வந்த அவருடைய விவசாய சாசனம் என்ற பொருள்படும் புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

1945-ல் மண்புழு பற்றி டார்வின் எழுதிய பழைய நூல் மறுபதிப்பு வந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவரும் ஹோவர்ட்தான். அமெரிக்காவில் கோல்ஃப் மைதானப் புல்தரைகளில் மண்புழு எச்சம் குவிவது தொல்லையாகப் பார்க்கப்பட்டது. அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து போட்டால் மண்புழு ஒழியும்னு அங்கே அரசுத் துறையே வழி சொன்னது. ஹோவர்ட் இதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். கோல்ஃப் தரையில் புழுவைக் கொல்லப் போடும் அதே உப்பைத்தானே வயலில் உரம்னு போடுறோம் என்பது அவர் கேள்வி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. அம்மோனியம் சல்பேட் மண்ணை மெல்ல மெல்ல அமிலமாக்கும். அமில மண் பெரும்பாலான மண்புழுக்களுக்கு ஆகாது. சுண்ணாம்புச் சத்து உள்ள மண்ணில் அந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். அதாவது ஒரே பொருள், மண்ணுக்கு மண் வேற மாதிரி வேலை செய்யும்.

ஹோவர்ட் எங்கே சறுக்கினார்?

வயது ஏற ஏற அவருக்குச் சின்னப் பாத்திச் சோதனைகள் மேல் நம்பிக்கை போனது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் பாத்தி பாத்தியாகப் பிரித்து உரச் சோதனை நடக்கிறது. ஒரு பாத்தி ஒரு பண்ணை ஆகாது, அதில் மாடு இல்லை, பயிர் சுழற்சி இல்லை, அந்த முடிவை வைத்து விவசாயிக்கு வழி சொல்லக் கூடாது என்று ஹோவர்ட் கடுமையாகத் தாக்கினார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா, அதற்குப் பதிலாக அவர் காட்டியது பெரும்பாலும் தோட்ட உரிமையாளர்கள் எழுதிய கடிதங்களும், நேரில் பார்த்த அனுபவங்களும்தான். கம்போஸ்ட் போட்டார், நோய் போச்சு. சரி, கம்போஸ்ட் போடாமல் விட்ட பக்கத்து இடத்தில் நோய் போகலையா? அந்த வருஷம் மழையே நன்றாக இருந்ததா? இதற்குப் பதில் இல்லை. பூசாவில் மூன்று பகுதி பிரித்துப் பார்த்த அதே மனிதர், கடைசிக் காலத்தில் அந்த ஒப்பீட்டை வலியுறுத்தாமல் விட்டார். அறிவியல் உலகில் பலர் அவரை விட்டு விலகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோவையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல், இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூறு வருஷம் தாண்டியும் தொடர்கிறது. ஹோவர்ட் திட்டிய பாத்தி முறைதான் அது. ஆனா சாண உரம் மண்ணை எப்படிக் காக்கிறது என்று ஆதாரத்தோடு பேச உதவுவதும் இந்த மாதிரி வயல்கள்தான்.

1947 அக்டோபரில், இந்தியா சுதந்திரம் அடைந்த இரண்டு மாதத்தில், ஹோவர்ட் காலமானார்.

சேலம், நாமக்கல் புல்தரைக்கு இதில் என்ன இருக்கு?

ஹோவர்ட் வாழ்க்கையில் இருந்து எடுத்துக்க வேண்டியதும் இருக்கு, அவர் விட்டதைச் சேர்த்துச் செய்ய வேண்டியதும் இருக்கு.

1. முதலில் தோண்டிப் பாருங்க: காய்ந்த இடத்தில் ஒரு கரண்டி ஆழம் மண்ணோடு புல்லைப் பெயர்த்துப் பாருங்க. வேர் ஒரு அங்குலத்திலேயே நின்னுடுச்சா? மண் கல்லு மாதிரி இறுகியிருக்கா? அப்படின்னா பிரச்சினை காற்று. மைதானத்தில் ஓடி ஓடி, ரோலர் உருட்டி உருட்டி மண் இறுகுவது சகஜம். அதுக்கு முள் கம்பியால் குத்தித் துளை போட்டு, மணலும் மக்கிய உரமும் தூவுவதுதான் முதல் வைத்தியம். இறுகிய மண்ணில் எந்தப் பாட்டிலை ஊற்றினாலும் பணம்தான் போகும்.

2. கோழி எருவை அப்படியே போடாதீங்க: நாமக்கல்லில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை. எருவும் மலை மலையாக் கிடைக்கும். பச்சைக் கோழி எருவில் தழைச்சத்தும் உப்பும் அதிகம், புல் கருகிவிடும். தேங்காய் நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து குறைவு. இரண்டையும் சேர்த்து ஈரம் காட்டி, புரட்டி மக்க வைத்தால் ஒன்றின் குறையை இன்னொன்று சரி செய்யும். இந்தூரில் ஹோவர்ட் போட்ட விகிதக் கணக்கு இதுதான்.

3. பாக்கெட்டைப் படிங்க: உயிர் உரங்களும் இயற்கை உரங்களும் 2006 முதல் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. கடல்பாசிச் சாறு போன்ற வளர்ச்சி ஊக்கிகள் 2021-ல் சேர்க்கப்பட்டன. தூள் வடிவப் பாக்டீரியா உயிர் உரத்தில் ஒரு கிராமுக்கு குறைந்தது 5 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் இருக்கணும். காலாவதி தேதி பாருங்க. வெயிலில் அடுக்கி வைத்த பாக்கெட்டில் நுண்ணுயிரிகள் செத்துப் போயிருக்கலாம். ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், அதனால் ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்து அடிக்காதீங்க.

4. ஒரு பட்டையை விட்டு வையுங்க: ஒரே மாதிரி இருக்கும் புல்தரையில் சின்னச் சின்னச் சதுரங்கள் பிரிங்க. சிலவற்றில் மருந்து, சிலவற்றில் அதே அளவு வெறும் தண்ணி. வெயிலில் காய்ந்த புல் தண்ணி பட்டாலே பச்சையாகும். தண்ணிச் சதுரம் இல்லாவிட்டால் அந்தப் புகழ் மருந்துக்குப் போயிடும். ஒரே இடத்தில் பார்க்காமல் மூன்று நான்கு இடங்களில், கலைத்துப் போட்டுப் பாருங்க. எது எந்தச் சதுரம்னு தெரியாத ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

5. தழைச்சத்தைச் சந்தேகப்படுங்க: சில இயற்கைப் பொருள்களில் இருக்கும் தழைச்சத்தே புல்லைப் பச்சையாக்கிவிடும். நுண்ணுயிரி வேலை செய்ததா, தழைச்சத்து வேலை செய்ததா என்று தெரியணும்னா, அதே அளவு தழைச்சத்தைச் சாதாரண உரமாகப் போட்ட ஒரு சதுரமும் வேணும். பூசாவின் செங்கல் பள்ளம் செய்த வேலையை இது செய்யும்.

6. ஒரு கோடை, ஒரு மழைக்காலம் பொறுங்க: பத்து நாளில் நிறம் மாறும். வேர் ஆழம் போச்சா, நோய் திரும்பி வந்ததா என்பது பருவம் மாறினால்தான் தெரியும்.

இன்னைக்கு வேரோடு ஒட்டி வாழும் மைக்கோரைசா பூஞ்சை பாக்கெட்டில் விற்கிறது. ஹோவர்ட் அதை மிகவும் மதித்தவர். ஆனா அவர் பார்வையில் அது கடையில் வாங்கும் பொருள் இல்லை, மக்கு நிறைந்த மண்ணில் தானாக வந்து சேரும் விருந்தாளி. உங்க மைதானத்துக்கு எது சரின்னு கடைக்காரரும் சொல்ல முடியாது, ஹோவர்டும் சொல்ல முடியாது. தண்ணி மட்டும் ஊற்றி விட்ட அந்தச் சதுரம் சொல்லும்.